வரைபடம் போட்டவரே வழி தவறினால்

ரிட்லி ஸ்காட் இயக்கி 2012இல் வெளிவந்த ‘ப்ரொமிதியஸ்’ படத்தில் ஃபிஃபீல்டு என்றொரு நிலவியலாளர் வருகிறார். வேற்றுலகக் குகைக்குள் நுழைந்ததும் பந்து போன்ற பறக்கும் கருவிகளை ஏவி, சுரங்கம் சுரங்கமாக அளந்து வரைபடம் எடுப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. கருவிகளும் சொன்னபடி வேலை செய்கின்றன. கப்பலில் அமர்ந்திருக்கும் கேப்டன் முன்னால் குகை முழுவதும் முப்பரிமாணத்தில் ஒளிர்கிறது. சற்று நேரத்தில் பயந்துபோய், ‘நான் கிளம்புகிறேன்’ என்று உயிரியலாளர் மில்பர்னைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியேறும் ஃபிஃபீல்டு, வழி தெரியாமல் அதே குகைக்குள் மாட்டிக்கொள்கிறார். அவருக்குப் பின்னால் புறப்பட்டவர்கள் எல்லாரும் கப்பல் சேர்ந்துவிடுகிறார்கள்.

படம் வந்த வாரத்திலிருந்து இன்றுவரை, அறிவியல் புனைவுப் படங்களின் கதை ஓட்டைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஃபிஃபீல்டை விட்டுவிட்டுப் பேசியதில்லை. உலகமெங்கும் 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம் அது. காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. ராஜர் எபர்ட் முழுதாக நான்கு நட்சத்திரம் கொடுத்தார். ஆனாலும் ‘இந்த ஆட்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள்?’ என்ற கேள்வி படத்தை விடாமல் துரத்துகிறது.

பிரீக்வல் எனப்படும் முன்கதைப் படத்துக்கு இது தனிச் சிக்கல். முடிவு பார்வையாளருக்கு முன்பே தெரியும். எனவே ‘அடுத்து என்ன?’ என்ற ஆவலைப் பாதிக்குமேல் பறிகொடுத்துவிட்டுத்தான் கதை தொடங்குகிறது. மிச்சமிருப்பது ‘ஏன்?’ மட்டும். தமிழ் வாசகருக்கு இது புதிதும் இல்லை. கல்கி 1940களில் ‘பார்த்திபன் கன’வை முதலில் எழுதிவிட்டு, காலத்தால் அதற்கு முந்தைய ‘சிவகாமியின் சபத’த்தைப் பிறகுதான் எழுதினார். வாதாபி வீழும் என்பது அந்தத் தொடரை வாரா வாரம் காத்திருந்து படித்தவர்களுக்குத் தெரியாத சேதியா என்ன?

எல்லா ஓட்டைகளும் ஒரே ரகமில்லை. சில வெறும் கணக்குப் பிழைகள். ப்ரொமிதியஸ் கப்பலை மேற்பார்வையிடும் மெரடித் விக்கர்ஸ், தாம் பூமியிலிருந்து 50 கோடி மைல் தள்ளி வந்திருப்பதாக ஓரிடத்தில் சொல்கிறார். வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன் இதைப் பிடித்துக்கொண்டு ட்விட்டரில் கிண்டலடித்தார். 50 கோடி மைல் என்றால் சுமார் 80 கோடி கிலோமீட்டர். வியாழனின் சுற்றுப்பாதையைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதே படத்தின் தொடக்கத்தில் திரையில் வரும் எழுத்து, கப்பல் பூமியிலிருந்து 327 லட்சம் கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகச் சொல்கிறது. ஏறக்குறைய 35 ஒளியாண்டு. எழுதியவர் கால்குலேட்டரைத் தொடவில்லை என்பது தவிர இந்தப் பிழையில் வேறெதுவும் இல்லை.

வேறு சில, ஓட்டைபோலத் தோன்றி ஓட்டையாக இல்லாதவை. 1979இல் வந்த மூலப்படமான ‘ஏலியன்’இல், மார்பு வெடித்துச் செத்து, நாற்காலியோடு கல்லாகிப்போன பூதாகரமான விமானி ஒருவனைப் பார்த்தோம். ப்ரொமிதியஸின் விமானியோ நாற்காலியிலிருந்து எழுந்து, எங்கோ ஒரு மீட்புக் கலத்துக்குள் போய்ச் சாகிறான். ‘கதை இடிக்கிறதே!’ என்று பலர் பாய்ந்தார்கள். ஆனால் முதல் படத்தின் துணைக்கோள் எல்வி-426, இந்தப் படத்தினுடையது எல்வி-223. இடமே வேறு. ஆண்களுக்கு மட்டும் அறுவை செய்யத் தெரிந்த மருத்துவப் பெட்டி ஒன்று விக்கர்ஸ் என்ற பெண்ணின் அறையில் ஏன் இருக்கிறது என்ற கேள்வியும் இப்படித்தான். கிழட்டு முதலாளி பீட்டர் வேலண்ட் கப்பலுக்குள் ஒளிந்திருக்கிறார் என்பதற்குப் படம் போட்டுவைத்த துப்பு அது. விமர்சகர்களில் சிலர் கதாசிரியரைவிட அவசரக்காரர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உண்மையான சேதம் மனிதர்களில் இருக்கிறது.

மில்பர்னை எடுத்துக்கொள்வோம். செத்து ஈராயிரம் ஆண்டுகளான வேற்றுலக உடலைக் கண்டதும் அங்கே நிற்கவே மறுத்து ஓடியவர் அவர். உயிரியலாளர், அதுவும் மனித குலம் முதன்முதலாகக் காணும் வேற்றுலக உடல். கிட்டே போய்ப் பார்க்கக்கூட ஆசையில்லை. அதே மனிதர் அன்றிரவு கரிய சேற்றிலிருந்து தலை தூக்கி, நாகம்போலப் படம் விரித்துச் சீறும் உயிருள்ள ஒன்றைக் கண்டதும் கொஞ்சு மொழி பேசிக்கொண்டு கையை நீட்டுகிறார். அது கையை முறித்து, உடைக்குள் புகுந்து அவரைக் கொல்கிறது. பயந்தவர் துணிவதும் துணிந்தவர் பயப்படுவதும் வாழ்க்கையில் உண்டு. ஆனால் இடையில் என்ன நடந்தது என்று படம் காட்ட வேண்டாமா?

காட்டத்தான் எடுத்திருக்கிறார்கள், பிறகு வெட்டிவிட்டார்கள். வீட்டுப் பிரதிகளில் இணைத்த நீக்கப்பட்ட காட்சி ஒன்றில், மில்பர்ன் குகைத் தரையில் ஒரு சிறு புழுவைக் கண்டு குழந்தைபோலப் பூரிக்கிறார். அந்த ஒரு காட்சி இருந்திருந்தால், பின்னால் அவர் கை நீட்டுவது தான் தேடிவந்தது கிடைத்துவிட்ட மனிதனின் மயக்கமாக இருந்திருக்கும். அது இல்லாததால் முட்டாள்தனமாக மட்டும் தெரிகிறது. சில ஓட்டைகள் எழுதும்போது விழுவதில்லை, வெட்டும்போது விழுகின்றன. வேற்றுலக மனிதன் தூக்கம் கலைந்து எழுந்து வேலண்டைக் கொல்லும் காட்சியிலும் இதே கதைதான். நீண்ட வடிவத்தில் அவன் பேசுகிறான், கேள்வி கேட்கிறான். திரைக்கு வந்த படத்தில் ஒரு சொல்லும் பேசாமல் ஆண்ட்ராய்டு டேவிட்டின் தலையைப் பிய்த்தெறிகிறான். அவன் கோபத்துக்குக் காரணம் என்ன என்பது அந்தப் படத்தின் மையக் கேள்வி, அதைத்தான் கத்தரித்துவிட்டார்கள்.

கேப்டன் யானெக் விஷயம் இன்னும் மோசம். இரண்டு பேர் குகையில் சிக்கியிருக்கிறார்கள். குகைக்குள் ஏதோ உயிர் அசைவதாகக் கருவி காட்டுகிறது. அதை அவர்களிடமே கேலியாகச் சொல்லிவிட்டு, விக்கர்ஸின் அறைக்குப் போய்விடுகிறார் கேப்டன். காவலுக்கு ஒருவரும் இல்லை. லட்சம் கோடி டாலர் செலவில் 17 பேரை ஏற்றிவந்த கப்பலில், ராத்திரி முறைக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை! இதே யானெக் கடைசியில் பூமியைக் காப்பாற்றத் தன் கப்பலைக் கொண்டுபோய் எதிரிக் கலத்தின்மீது மோதுகிறார். இட்ரிஸ் எல்பா கம்பீரமாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் பொறுப்பில்லாத மனிதர் தியாகியாக மாறியதற்கு நடுவே ஒரு குற்ற உணர்ச்சிகூட எழுதப்படவில்லை.

நாயகி எலிசபெத் ஷாவின் அறுவைக் காட்சி, படத்தின் உச்சம். வயிற்றில் வளரும் வேற்றுயிரை, நினைவோடு இருக்கும்போதே இயந்திரத்தைக் கொண்டு வெட்டி எடுக்கிறாள். நூமி ராபஸின் அலறல் அரங்கை உறைய வைத்தது. அடுத்த காட்சியில், அரைகுறை ஆடையில், இரத்தமும் தையலுமாகத் தள்ளாடி, வேலண்டும் அவர் ஆட்களும் இருக்கும் அறைக்குள் நுழைகிறாள். ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்க அங்கே நாதியில்லை. சற்றுமுன் அவளை உறக்கப் பெட்டிக்குள் அடைக்க வந்தவர்களை அடித்துப் போட்டுவிட்டு ஓடியிருந்தாளே, அதையும் யாரும் பேசுவதில்லை. அறைக்குள் விட்டுவந்த அந்த உயிரைப் பற்றி அவளும் எச்சரிப்பதில்லை. உடையை மாட்டிக்கொண்டு எல்லாரோடும் குகைக்குக் கிளம்பிவிடுகிறாள். உருண்டு வரும் ராட்சதக் கலத்துக்கு நேர்முன்னால் விக்கர்ஸ் ஓடி நசுங்கிச் சாகும் காட்சியைத்தான் உலகமே கிண்டலடித்தது. பக்கவாட்டில் நாலடி விலகினால் போதுமே என்றார்கள். உயிர் பயத்தில் நேராக ஓடுவது மனிதருக்குச் சாத்தியமான தவறுதான். இரத்தம் சொட்ட நிற்கும் பெண்ணைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்காமல் இருப்பது எந்த மனிதருக்கும் சாத்தியமில்லை. கேலியை இரண்டாவதுக்குச் சேமித்திருக்கலாம்.

மூலப்படத்தில் மட்டும் எல்லாம் பொருந்தியதா? இல்லவே இல்லை. 1979இன் அந்த உயிர் தீனி எதுவும் தின்னாமல் சில மணி நேரத்தில் ஆளுயரம் வளர்கிறது. கேன் என்பவர் முட்டை திறப்பதைக் குனிந்து பார்த்துத்தான் முகத்தில் வாங்கிக்கொள்கிறார். ஃபிஃபீல்டு, மில்பர்னைவிட அவர் புத்திசாலி என்று சொல்ல முடியாது. ஆனால் நோஸ்ட்ரோமோவில் இருந்த ஏழு பேர் விஞ்ஞானத் தூதுவர்கள் அல்லர், சரக்குக் கப்பல் தொழிலாளர்கள். பார்க்கரும் பிரெட்டும் படம் தொடங்கியதிலிருந்து தங்கள் போனஸ் பங்கைப் பற்றித்தான் முணுமுணுக்கிறார்கள். மர்மச் சமிக்ஞையை விசாரிக்காவிட்டால் பங்குப் பணம் மொத்தமும் பறிபோகும் என்று ஒப்பந்த விதியைச் சொன்ன பிறகே கப்பல் கீழே இறங்குகிறது. கேனை உள்ளே விடக் கூடாது, தொற்றுத் தடை விதி இருக்கிறது என்று நாயகி ரிப்ளி மறுக்கிறார். கதவைத் திறந்துவிடுகிறவர் விஞ்ஞான அதிகாரி ஆஷ். அவர் ஆண்ட்ராய்டு என்பதும், அந்த உயிரைக் கொண்டுவரும்படி நிறுவனம் அவருக்கு ரகசிய உத்தரவு போட்டிருப்பதும் பின்னால் தெரியவரும். ஒவ்வொரு முட்டாள்தனத்துக்கும் அங்கே சம்பளமோ சட்டமோ சதியோ காரணமாக நிற்கிறது. அதனால்தான் தீனியில்லாமல் வளர்ந்த பிராணியின் எடைக்கணக்கை யாரும் கேட்கவில்லை.

ப்ரொமிதியஸிலும் ஒருவருக்கு மட்டும் காரணங்கள் குறைவில்லாமல் கிடைத்திருக்கின்றன. அவர் மனிதரே இல்லை என்பதுதான் வேடிக்கை. மைக்கேல் ஃபாஸ்பெண்டரின் டேவிட், எல்லாரும் உறங்கும்போது தனியாகக் கப்பலில் சைக்கிள் ஓட்டுகிறான், ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ பார்த்து அதன் நாயகனைப்போலத் தலைமுடிக்குச் சாயமேற்றிக்கொள்கிறான். தன்னைப் படைத்தவர்கள்மேல் அவனுக்கு உள்ளூர இளப்பம். ‘எங்களை எதற்குப் படைத்தீர்கள்?’ என்று ஷாவின் காதலன் ஹாலோவேயிடம் கேட்கிறான். முடிந்தது, அதனால் படைத்தோம் என்கிற மாதிரி குடிபோதையில் பதில் வருகிறது. உங்களைப் படைத்தவர்களிடமிருந்து இதே பதில் வந்தால் எப்படியிருக்கும் என்று திருப்பிக் கேட்டுவிட்டு, குகையில் கிடைத்த கருந்திரவத்தில் ஒரு துளியை ஹாலோவேயின் மதுவில் கலந்து கொடுக்கிறான். படத்தின் தத்துவம் முழுவதும் அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. மற்ற 16 பேருக்கும் அதில் பாதி கவனம் கிடைத்திருந்தால்!

ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு, படம் எழுதப்பட்ட விதம் ஓரளவு விடை சொல்கிறது. ஜான் ஸ்பைட்ஸ் எழுதிய முதல் திரைக்கதை வெளிப்படையான ஏலியன் முன்கதை. முகத்தைக் கவ்வும் உயிரும் முட்டைகளும் அதில் இருந்தன, களமும் எல்வி-426தான். பிறகு வந்த டேமன் லிண்டலாஃப் அதை மூலப்படத்திலிருந்து விலக்கி, மனிதனைப் படைத்தவர் யார் என்ற கேள்வியை நடுவில் வைத்தார். ‘லாஸ்ட்’ தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான அவருக்கு, விடையில்லாத புதிர்களைத் தொங்கவிடுவது கைவந்த கலை. விளைவு, ஒரு கதையின் எலும்புமேல் இன்னொரு கதையின் சதை. பழைய கதைக்குப் பலியாட்கள் வேண்டும். புதிய கதைக்குத் தேடல்காரர்கள் வேண்டும். அதே ஆட்கள் காலையில் தத்துவம் பேசி, இரவில் பலியாகிறார்கள்.

விமர்சனங்களுக்குப் பதில் போலவே வந்தது 2017இன் ‘ஏலியன்: கவனென்ட்’. புதிர் வேண்டாமென்றார்கள், இதோ விடை என்றது. அந்தக் கொடிய உயிரை இன்றைய வடிவத்துக்கு வளர்த்தவன் டேவிட் என்று காட்டியது. அப்படியானால் 1979 படத்தில் கல்லாகிப்போன விமானியின் மார்பைப் பிளந்தது எது? இந்தப் படம் நடப்பது 2104இல், நோஸ்ட்ரோமோ அவனைக் கண்டது 2122இல். இடையில் வெறும் 18 ஆண்டுகள். முந்தைய படத்தில் உயிரைப் பணயம் வைத்துப் பிழைத்த ஷாவை, இரண்டு படங்களுக்கும் நடுவே திரைக்கு வெளியிலேயே கொன்றுவிட்டார்கள். புதிய கப்பலின் ஆட்கள் அறிமுகமில்லாத கோளில் கவச உடையும் தலைக்கவசமும் இல்லாமல் இறங்குகிறார்கள். நம்பக் கூடாதவன் என்று தெரிந்துவிட்ட டேவிட் ‘குனிந்து பாருங்கள்’ என்றதும், புதிய கேப்டன் ஓரம் முட்டைக்குள் முகத்தை நீட்டுகிறார். கேனின் தவறுக்கு 38 ஆண்டுகள் கழித்து ஒரு நகல். வசூல் சுமார் 24 கோடி டாலருக்கு இறங்கியது.

‘ஸ்டார் வார்ஸ்’ முன்கதைகள் மூன்றும் இந்த விவாதத்தின் பழைய அத்தியாயம். 1983 படத்தில் லேயா தன் தாயைப் பற்றி மங்கலான நினைவு இருப்பதாகச் சொல்கிறாள். 2005 படத்தில் தாய் பத்மே அவளைப் பெற்ற கையோடு இறக்கிறாள். தன்னைப் பயிற்றுவித்தவர் யோடா என்று ஓபி-வான் சொல்லியிருக்க, 1999இல் க்வை-கான் என்ற குரு புதிதாக முளைக்கிறார். இவற்றையெல்லாம் ரசிகர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் 2005 படத்தைக் காயப்படுத்துவது இவை அல்ல. உடம்பில் ஒரு குறையும் இல்லை, வாழும் விருப்பம் போய்விட்டது என்று மருத்துவ ரோபோ சொல்ல, இரண்டு பச்சைக் குழந்தைகளை விட்டுவிட்டு பத்மே சாகிறாளே, அது. முந்தைய படங்களில் துப்பாக்கி ஏந்தி, செனட்டில் வாதாடிய பெண் அவள். கதைக்கு அவள் இனித் தேவையில்லை, அதனால் சாகிறாள். அவள் கணவன் அனகினின் வீழ்ச்சிக்கு நல்ல காரணம் எழுதப்பட்டிருக்கிறது. மனைவியை இழந்துவிடுவோம் என்ற பயம் வலுவானதுதான். ஆனால் வேந்தரைக் காட்டிக்கொடுத்தவன் அதே நாளில் அவர் காலில் விழுந்து, கோயிலில் குழந்தைகளை வெட்டப் போவதற்கு நடுவே மூச்சு விடக்கூட இடமில்லை. அந்த இடைவெளியை நிரப்ப 2008இல் தொடங்கிய ‘த க்ளோன் வார்ஸ்’ கார்ட்டூன் தொடருக்குப் பல பருவங்கள் தேவைப்பட்டன.

‘ஸ்டார் ட்ரெக்’ உலகம் இந்த விஷயத்தில் தன்னைத்தானே கேலி செய்துகொள்ளத் தெரிந்தது. 1960களின் தொடரில் க்ளிங்கன்கள் என்ற வேற்றுலகினரின் நெற்றி வழவழவென்று இருந்தது. 1979 படத்திலிருந்து மேடும் பள்ளமுமாக மாறியது. ஒப்பனைக்குப் பணம் கிடைத்துவிட்டது என்பதுதான் காரணம். 1996இல் ஒரு பகுதியில் கதைமாந்தர்கள் பழைய காலத்துக்குப் போய் வழவழ நெற்றிக்காரர்களைப் பார்த்துத் திகைக்க, வார்ஃப் என்ற க்ளிங்கன், இதை வெளியாட்களிடம் நாங்கள் பேசுவதில்லை என்கிற தோரணையில் முடித்துக்கொள்கிறான். அத்தோடு விட்டிருக்கலாம். 2005இல் முன்கதைத் தொடரான ‘எண்டர்பிரைஸ்’ இரண்டு பகுதிகளைச் செலவழித்து, மரபணு மாற்ற வைரஸ்தான் காரணம் என்று விளக்கியது. ஒரு சிரிப்பு செய்த வேலையை அந்த விளக்கம் செய்யவில்லை.

2011இல் வெளிவந்த இரண்டு முன்கதைப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். முதலாவது, ஜான் கார்பெண்டரின் 1982 படத்துக்கு முன்கதையாக எடுத்த ‘த திங்’. அண்டார்டிகாவின் நார்வே முகாமில் நடந்ததைச் சொல்கிறது. பழைய படத்தில் அந்த முகாமின் இடிபாடுகள் மட்டும் வரும்: கதவில் செருகிய கோடரி, கழுத்தறுத்துக்கொண்டு உறைந்த மனிதன், எரிந்த இருமுகப் பிணம். புதிய படம் ஒவ்வொன்றுக்கும் நேர்மையாகக் கணக்கு ஒப்புவிக்கிறது. கடைசியில் நாய் ஓட, ஹெலிகாப்டர் துரத்த, பழைய படத்தின் முதல் காட்சியில் கச்சிதமாக வந்து நிற்கிறது. ஆனால் அந்த முகாமின் ஆட்களில் நாயகியைத் தவிர ஒருவரின் பெயராவது படம் முடிந்ததும் நினைவில் நிற்குமா என்பது சந்தேகம். யார் மனிதன், யார் வேஷம் என்ற பயம் வர வேண்டுமென்றால் முதலில் அந்த மனிதனைத் தெரிந்திருக்க வேண்டும். படம் போட்ட பணத்தையும் எடுக்கவில்லை.

இரண்டாவது, ரூபர்ட் வயட் இயக்கிய ‘ரைஸ் ஆஃப் த பிளானட் ஆஃப் த ஏப்ஸ்’. பழைய படவரிசையோடு ஒத்துப்போக அது மெனக்கெடவே இல்லை. 1971 படத்தில் சொன்ன வரலாறு வேறு: நாய்களும் பூனைகளும் கொள்ளைநோயில் அழிய, மனிதர்கள் குரங்குகளை வளர்ப்புப் பிராணிகளாக்கி, பின் அடிமைகளாக்கினார்கள். முதலில் ‘முடியாது’ என்று வாய் திறந்தது ஆல்டோ என்ற குரங்கு. 2011இல் மறதிநோய்க்கு மருந்து தேடும் ஆய்வகத்திலிருந்து எல்லாம் தொடங்குகிறது. அந்தச் சொல்லை ஆன்டி செர்கிஸின் சீசர் சொல்கிறது. மூலத்தோடு இவ்வளவு முரண்பட்டும் யாரும் சண்டைக்குப் போகவில்லை. வீட்டில் பிள்ளையாக வளர்ந்து, காப்பகத்தில் கூண்டில் அடைபட்டு, கோல் ஓங்கியவன் கையைப் பிடித்து நிறுத்தும்வரை சீசரின் ஒவ்வொரு படியையும் படம் காட்டியிருந்தது. அரங்குகள் அந்த ஒற்றைச் சொல்லுக்கு வாயடைத்துப் போயின.

இதே வேறுபாட்டைத் தொலைக்காட்சியில் பெரிய அளவில் நிரூபித்தது ‘ஆண்டோர்’. 2016இன் ‘ரோக் ஒன்’ படமே ஒரு பழைய கிண்டலுக்குப் பதிலாகப் பிறந்தது: கோளையே அழிக்கும் டெத் ஸ்டாரை, இரண்டு மீட்டர் அகலத் துளை ஒன்றால் தகர்க்க முடிவது எப்படி? மகளைப் பிரிந்து எதிரிக்கு வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட பொறியாளர் வேண்டுமென்றே வைத்த பலவீனம் என்றது படம். ஓட்டையை அடைத்தது ஒரு தகப்பனின் வஞ்சினம். அந்தப் படத்துக்கும் முன்கதையாக, டோனி கில்ராய் உருவாக்கி 2022இலும் 2025இலும் 24 பகுதிகளாக வந்த தொடரில், நாயகன் காசியன் சாவான் என்பது முதல் நிமிடத்திலிருந்தே தெரியும். ஆறு வயதிலிருந்து இந்தப் போரில் இருக்கிறேன் என்று அவன் ‘ரோக் ஒன்’இல் சொன்னது தொடரில் காட்டிய குழந்தைப் பருவத்தோடு சரியாகப் பொருந்தவும் இல்லை. ரசிகர்கள் அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, அடுத்த பகுதிக்குக் காத்திருந்தார்கள். திருடனாக, கோழையாக, ஓடிப்போக வழி தேடுகிறவனாக இருந்தவன் சிறை அனுபவத்துக்குப் பின் கிளர்ச்சிக்காரனாவதை அவர்கள் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். பதவி உயர்வுக்கு ஏங்கும் பேரரசின் நடுத்தர அதிகாரிகளுக்குக்கூட அம்மாவின் சமையலறையும் அலுவலகப் பொறாமையும் கிடைத்தன.

ஏலியன் வரிசைக்கே திரும்பினால், 2025இல் நோவா ஹாலி உருவாக்கிய ‘ஏலியன்: எர்த்’ தொடர் 2120இல், நோஸ்ட்ரோமோ சம்பவத்துக்கு இரண்டே ஆண்டு முன்னால் நடக்கிறது. டேவிட்தான் படைத்தவன் என்ற ஸ்காட்டின் விடையை ஹாலி கண்டுகொள்ளவில்லை; 1979 படத்தையும் 1986இன் ‘ஏலியன்ஸ்’ படத்தையும் மட்டும் அடித்தளமாக எடுத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுக்கு முன்பே அந்த உயிர் பூமிக்கு வந்துவிட்டது என்றால் ரிப்ளியின் உலகத்தில் அது யாருக்கும் தெரியாமல் போனது எப்படி என்ற புதிய கேள்வி உடனே எழுந்தது. ஆஷுக்கு வந்த ரகசிய உத்தரவுக்கு ஒரு பின்புலம் கிடைத்தது என்று மறுபக்கம் வாதாடினார்கள். இன்னொரு புகார் மட்டும் 2012இலிருந்து அப்படியே வந்து சேர்ந்தது: கொடிய உயிர்களை அடைத்துவைத்த விண்கலத்தில் ஆய்வுக்கூட ஒழுங்கு என்ற ஒன்றைப் படித்தவர் ஒருவர்கூட இல்லையா?